குடைசாயும் உழவு இயந்திரங்கள்: வாகரை வயல்களில் இல்லாத இரண்டு இரும்புக் கால்கள்

"உழவு இயந்திரம் குடைசாய்ந்ததில் குடும்பஸ்தர் பலி."

வடக்கு கிழக்கில் இருக்கும் எவருக்கும் இந்தத் தலைப்பு புதிதல்ல. ஊரின் பெயர் மட்டும் மாறும். ஒரு முறை வாகரை, இன்னொரு முறை கிரான், பிறகு வெல்லாவெளி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான். தலைப்புக்குக் கீழே வரும் நான்கு வரிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. வேகக் கட்டுப்பாட்டை இழந்தது, வரம்பில் ஏறியது, சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார், மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். அதோடு முடிந்துவிடும். செத்தவரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சில ஊடகங்கள் எழுதும். அந்த இயந்திரத்தில் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் இருந்ததா என்று எழுதுவதில்லை. பஸ் விபத்து என்றால் பிரேக்கைப் பற்றியாவது ஒரு வரி வரும். உழவு இயந்திரம் என்றால் விதி.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டகத்தைப் பற்றியது. ஓட்டுநரின் ஆசனத்துக்குப் பின்னால், பின் அக்சிலில் இருந்து எழும்பி, தலைக்கு மேலே வளைந்து நிற்கும் ஓர் இரும்புச் சட்டம். பந்தய வாகனங்களிலும் காட்டு வழியோடும் ஜீப்களிலும் இருக்கும் 'ரோல் கேஜ்' என்பதன் எளிய வடிவம் அது. உழவு இயந்திரத்தில் பெரும்பாலும் இரண்டே கால்கள். வாகரைப் பிரதேசத்தின் வயல்களில் ஓடும் நாற்சில்லு உழவு இயந்திரங்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஓட்டுநருக்குப் பின்னால் வெறும் வானம்தான். சிலவற்றில் அங்கிள் இரும்பும் தகரமும் வைத்து ஒட்டிய கூரை இருக்கிறது. அது வெயிலுக்கானது. இயந்திரம் புரண்டால் அந்தக் கூரை நசுங்குவதோடு, ஓட்டுநர் வெளியே வரும் வழியையும் அடைத்துவிடும்.

வாகரையை ஏன் எடுக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. கோறளைப்பற்று வடக்கு என்று அரசாங்கப் பதிவில் இருக்கும் இந்தப் பிரதேசம் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பாறும் களப்பும், உள்ளே காடும் குளங்களும் என்று நீண்டு கிடப்பது. கட்டுமுறிவு, ஆண்டான்குளம் போன்ற உட்பகுதிகளுக்கு இன்றும் மழைக்காலத்தில் நம்பிப் போகக்கூடிய வாகனம் உழவு இயந்திரம் ஒன்றுதான். அது வயலை உழுகிறது, நெல்லை ஏற்றுகிறது, விறகு ஏற்றுகிறது, மண் ஏற்றுகிறது, நோயாளியை ஏற்றுகிறது, கோயில் திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றுகிறது. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏ-15 வீதி மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் வாகரைக்குள் அடைபட்டிருந்தபோதும், நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் அதிகமானவர்கள் கொல்லப்பட்டபோதும், 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றும்வரை காடுகளுக்குள்ளாலும் களப்பினூடாகவும் சனம் வாழைச்சேனைப் பக்கம் நகர்ந்தபோதும், சாமான் சட்டுமுட்டுகளையும் வயதானவர்களையும் சுமந்தது பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்தான். இரண்டு வருடங்கள் கழித்து வன்னியிலும் அதே காட்சிதான். முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கேயே துருப்பிடித்துக் கிடந்த வாகனக் குவியல்களின் படங்களில் பெரிய பின் சில்லுகளை யாரும் அடையாளம் காணலாம்.

ஆகவே எங்களுக்கு இது வெறும் விவசாயக் கருவி அல்ல. எங்கள் இடப்பெயர்வுக்கும் மீள்குடியேற்றத்துக்கும் வண்டியாக இருந்தது. அந்த நெருக்கம்தான் அதன் ஆபத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறதோ என்றும் நினைப்பதுண்டு.

முக்கால் செக்கன்

குதித்துத் தப்பிவிடலாம் என்பது வயலில் ஓடுபவர்களிடம் அநேகமாகக் கேட்கக்கூடிய பதில். இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது.

உழவு இயந்திரம் இரண்டு விதமாகப் புரள்கிறது. ஒன்று பக்கவாட்டில். குளக்கட்டின் ஓரம் சரிவது, ஒரு பக்கச் சில்லு வரம்பில் ஏறுவது, வாய்க்கால் கரை இடிவது, பாலத்தின் இறக்கத்தில் பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ளி இயந்திரத்தை மடக்குவது, எல்லாம் இந்த வகை. மற்றது பின்பக்கமாக மல்லாந்து விழுவது. இதுதான் கொடியது. பின் சில்லு சேற்றில் இறுகிப்போய்ச் சுற்ற முடியாத நிலையில் கிளச்சை விட்டு வேகம் கொடுத்தால், இயந்திரத்தின் பலம் எங்கே போகும்? சில்லு சுற்றாவிட்டால் அக்சிலைச் சுற்றி இயந்திரத்தின் உடல் சுற்றும். முன் பக்கம் மேலெழும்பும். அது எழும்பத் தொடங்கி, இனித் திருப்ப முடியாது என்ற புள்ளியைக் கடக்க எடுப்பது ஏறத்தாழ முக்கால் செக்கன். ஒன்றரைச் செக்கனுக்குள் ஸ்டியரிங் ஓட்டுநரின் நெஞ்சில் இருக்கும். ஏதோ பிழை நடக்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் கிளச்சுக்குப் போவதற்கே அந்த முக்கால் செக்கன் வேண்டும்.

புதைந்த இயந்திரத்தை வெளியே எடுக்க எங்கள் பக்கம் செய்யும் வேலை ஒன்று உண்டு. பின் சில்லுக்குக் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி, சில்லு கட்டையில் ஏறி வெளியே வரட்டும் என்று ஓட்டுவது. பல தடவை அது பலிக்கும். பலிக்காத தடவையில் கட்டை இறுகிச் சில்லைப் பூட்டிவிடும். அப்போது மேலே சொன்னதுதான் நடக்கும். காடு வெட்டிய நிலத்தில் அடிக்கட்டை பிடுங்கும்போது இழுவைச் சங்கிலியைக் கீழே உள்ள கொக்கியில் போடாமல் அக்சிலில் அல்லது அதற்கு மேலே கட்டுவதும் இதே விளைவைத் தருவது. சங்கிலி பூட்டும் இடம் உயர உயர, முன் பக்கம் எழும்புவது சுலபம். புதைந்துவிட்டால் சில்லுக்குப் பின்னால் வெட்டிவிட்டு ரிவர்ஸில் எடுப்பதும், அதற்கும் வராவிட்டால் இன்னொரு இயந்திரத்தைக் கூப்பிடுவதும்தான் வழி. இன்னொன்றைக் கூப்பிட்டால் அதற்கு வாடகை. நேரமும் போகும். ஏக்கர் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநருக்கு அந்த நேரம் அவருடைய சொந்தக் காசு.

குதிக்கலாம் என்பவர்களிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, யார் குதிக்கலாம் என்பது. போரில் ஒரு காலை இழந்தவர்கள் செயற்கைக் காலோடு உழவு இயந்திரம் ஓட்டுவதை நாங்கள் அதிசயமாகப் பார்ப்பதில்லை. முன்னாள் போராளிகளுக்குக் கிடைக்கக்கூடிய சில தொழில்களில் இது ஒன்று. உடம்பில் எறிகணைச் சிதறல்களோடு, முதுகெலும்பில் வலியோடு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் மூன்றரை அடி உயரத்திலிருந்து, சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய சில்லைத் தாண்டி, சேற்றுக்குள் குதிக்க முடியாது. முழு உடல்பலம் உள்ளவர்கள் குதிக்கும்போதும், பக்கவாட்டில் புரளும் இயந்திரம் அவர்கள் குதித்த அதே பக்கத்தில்தான் விழுகிறது.

அதன்பின் வைத்தியசாலை. வாகரையில் இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். வீதி இப்போது நன்றாக இருக்கிறது, பனிச்சங்கேணியில் பாலம் இருக்கிறது, அம்புலன்ஸ் வரும். ஆனால் இரண்டு தொன் இரும்பு நெஞ்சில் கிடக்கும்போது ஆளை எடுக்க முதலில் வேண்டியது அம்புலன்ஸ் அல்ல, இன்னொரு உழவு இயந்திரம். இந்த வகை மரணத்தில் காப்பாற்றும் வேலை விபத்துக்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும்.

சட்டகம் எதில் பூட்டப்படுகிறது

இங்கே கொஞ்சம் இயந்திர விபரத்துக்குள் போக வேண்டும். பிரச்சினையின் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

மட்டக்களப்பு நகரில் இப்போது ஓடும் டபிள் கெப் வாகனங்களில் பின் பெட்டிக்கு மேலே பளபளக்கும் குழாய் வளையம் பார்த்திருப்பீர்கள். அதையும் 'ரோல் பார்' என்றுதான் சொல்கிறார்கள். கடையில் பூட்டித் தரும் அந்த வளையங்களில் அநேகமானவை பெட்டியின் மெல்லிய தகட்டில் நாலைந்து போல்ட்களால் இறுக்கப்பட்ட அலங்காரம். வாகனம் புரண்டால் குழாயின் கால் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். உண்மையான பாதுகாப்புச் சட்டகத்தில் குழாயின் தடிப்புக்கு எவ்வளவு முக்கியத்துவமோ, அதன் கால் எதில் நிற்கிறது என்பதற்கும் அவ்வளவு முக்கியத்துவம். கெப், ஜீப் போன்ற வாகனங்களுக்கு அடியில் ஏணி போன்ற கனத்த செசி ஒன்று தனியாக இருக்கும். மேலே உள்ள உடல் அதன் மேல் றப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும். சட்டகத்தை உடலின் தகட்டில் மட்டும் பூட்டினால், புரளும்போது பாரம் செசிக்குப் போய்ச் சேராது. நேரே செசியில் இறுக்கினால், உடல் றப்பரில் ஆடும், சட்டகம் ஆடாது, அந்த இழுபறியில் ஒட்டுகள் வெடிக்கும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் காலைத் தளத்தினூடாகச் செசிக்கு இறக்கி, அங்கேயும் ஒரு றப்பர் புஷ் வைப்பார்கள். அல்லது காலுக்கு அடியில் பாரத்தைப் பரப்பும் தடித்த தகடு வைப்பார்கள். சர்வதேச மோட்டார் பந்தய விதிகளில் இதற்கு அளவே இருக்கிறது. ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் கொண்ட தகடு, குறைந்தது மூன்று போல்ட்கள், பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் சுவரும் கொண்ட, நீளவாக்கில் ஒட்டு இல்லாத உருக்குக் குழாய். தண்ணீர் இணைப்புக்கு வாங்கும் ஜி.ஐ. குழாய் இந்த வேலைக்கு ஆகாது. அதன் விலா முழுக்க ஓர் ஒட்டு ஓடுகிறது.

உழவு இயந்திரத்தில் கதை வேறு. அதற்குத் தனியான செசி என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அக்சில் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் செய்யப்பட்டு, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. எனவே பாதுகாப்புச் சட்டகத்தின் கால்கள் நிற்க வேண்டிய இடம் பின் அக்சிலின் கனத்த வார்ப்புக் கூடு. மட்காட்டில் பூட்டினால் அது மட்காட்டோடு பிய்ந்து வரும். கூட்டில் துளை போட்டாலோ, வெல்டிங் பிடித்தாலோ வார்ப்பிரும்பு அந்த இடத்தில் பலவீனமாகிறது. வெடித்தால் சட்டகத்தோடு அக்சிலும் போகும். அதற்கென வடிவமைத்த கவ்விகளும் உயர்தரப் போல்ட்களும் வேண்டும்.

இன்னொரு விடயம் எங்கள் பட்டறைக்காரர்களின் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. மிகவும் விறைப்பாகச் செய்தால் நல்லது என்று நினைப்போம். அப்படியல்ல. நல்ல சட்டகம் வளைய வேண்டும். விழும் இயந்திரத்தின் வேகத்தை அது தன் வளைவில் விழுங்க வேண்டும், ஆனால் ஓட்டுநர் இருக்கும் இடத்துக்குள் வந்துவிடக்கூடாது. வளையாத சட்டகம் அந்த அடியை முழுவதுமாகப் போல்ட்களுக்குக் கொடுத்து அவற்றை அறுக்கும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பின் சோதனை முறைகள் இதைக் கணக்காகவே வைத்திருக்கின்றன. 2,000 கிலோ எடையுள்ள இயந்திரம் என்றால், பக்கவாட்டில் 3,500 ஜூல் சக்தியை அது விழுங்க வேண்டும், மேலிருந்து தன் எடையைப்போல் இரு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும், இவ்வளவும் முடிந்த பிறகும் ஆசனத்தைச் சுற்றிய இடம் மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு முறை புரண்டு வளைந்த சட்டகத்தை நிமிர்த்தி மறுபடி பாவிக்கவும் கூடாது. நிமிர்த்திய இரும்புக்கு முதல் பலம் இல்லை.

ஆசனப்பட்டியைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. சட்டகம் உள்ள இயந்திரத்தில் பட்டி கட்டாயம். இல்லாவிட்டால் புரளும்போது ஆள் வெளியே வீசப்பட்டு அந்தச் சட்டகத்தின் கீழேயே நசுங்கலாம். சட்டகம் இல்லாத இயந்திரத்தில் பட்டி கட்டவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் புரளும் விபத்தில் 99 வீதமான மரணங்களைத் தடுக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் கணிப்பு. மட்காட்டில் குந்தியிருக்கும் பையனுக்கு இந்த இரண்டினாலும் பயனில்லை. அவன் சட்டகத்தின் நிழலுக்கு வெளியே இருக்கிறான். பெட்டியில் ஏறுபவர்களுக்கும் அப்படித்தான். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு, மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அள்ளுண்டு போன உழவு இயந்திரத்தில் மதரசா மாணவர்கள் இருந்தார்கள். அந்த மரணங்களுக்கு எந்தச் சட்டகமும் பதில் அல்ல. அது போக்குவரத்து இல்லாத கிழக்கின் கதை, தனியாக எழுத வேண்டியது.

இந்த நாட்டுக்குத் தெரியாத தொழில்நுட்பமா?

1980களின் நடுப்பகுதியில் கண்ணிவெடிகளுக்கு முகம்கொடுத்த இலங்கை இராணுவம் தென்னாபிரிக்காவிடமிருந்து 'பவல்' கவச வாகனங்களை வாங்கியது. எங்கள் தலைமுறையின் சிறுவயது வீதிகளில் ஓடியவை. ஒரு யூனிமொக் லொறியின் செசிக்கு மேலே, அடிப்பகுதி 'வி' வடிவில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தூக்கி வைத்தது போன்ற வாகனம் அது. கண்ணிவெடிக்கு நல்லது. ஆனால் அவ்வளவு உயரத்தில் அவ்வளவு பாரம் இருந்ததால் வளைவுகளில் சுலபமாகக் குடைசாயும். அதனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஆசனத்தோடு கட்டும் பட்டி வைத்தார்கள். பெட்டி நசுங்காது, ஆள் பெட்டிக்கு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான் தத்துவம். வாங்கியதோடு நிற்கவில்லை. இராணுவத்தின் மின் மற்றும் இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு அதே கருத்தை வைத்து 'யூனிகோர்ன்', 'யூனிபவல்' என்ற வாகனங்களை இங்கேயே செய்தது.

ஆகவே ஒரு வாகனத்தின் அடிச்சட்டத்தோடு பாதுகாப்புக் கூட்டை எப்படிப் பொருத்துவது, உள்ளே இருப்பவரை எப்படிக் கட்டிவைப்பது என்பது இந்த அரசுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். அந்த அறிவுக்குப் பணம் இருந்தது, பட்டறை இருந்தது, இரும்பு இருந்தது. அதே காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு இரும்பும் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சோதனைச்சாவடியில் இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுபோக அனுமதி கேட்டு நின்றவர்களிடம் உழவு இயந்திரத்துக்குச் சட்டகம் செய்வதைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. போர் முடிந்து பதினைந்து வருடங்களுக்கு மேலான பிறகும் அந்தப் பேச்சு வராமல் இருப்பதுதான் கேள்வி.

சிப்பாய்க்குக் கொடுத்த பாதுகாப்பைக் குறை சொல்வது நோக்கமல்ல. ஒரு வேலையைச் செய்பவரின் உயிரை அரசு எப்போது செலவாகக் கணக்கெடுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். கொழும்பு அதைத் தொழிற்சாலைக்குள் கணக்கெடுத்திருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுழலும் பட்டிக்கும் பற்சக்கரத்துக்கும் மறைப்புக் கேட்கிறது. அந்தச் சட்டம் வேலியோடு நின்றுவிடுகிறது. வயல் தொழிற்சாலை அல்ல. 2011இல் முன் ஆசனத்தில் இருப்பவர்களுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டபோது அதுவும் கார்களின் கதையாகத்தான் இருந்தது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' என்ற பெயரில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியிருந்தவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்தபோது, எது அலங்காரம், எது பாதுகாப்பு என்ற விவாதம் சில நாட்கள் நடந்தது. அந்த விவாதத்தில் உழவு இயந்திரம் வரவேயில்லை. அதில் கழற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

உலகம் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. சுவீடன் 1959இலேயே புதிதாக விற்கும் உழவு இயந்திரங்களுக்குச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பிறகு பழையவற்றுக்கும் விரித்தது. சில பத்தாண்டுகளில் அங்கே புரண்டு சாவது ஏறக்குறைய இல்லாமல் போனது. அமெரிக்காவில் 1976 ஒக்டோபர் 25க்குப் பிறகு உற்பத்தியாகி, கூலியாட்கள் ஓட்டும் இயந்திரங்களுக்கு அது கட்டாயம். ஆனால் சட்டத்துக்கு முந்திய பழைய இயந்திரங்கள் அங்கேயும் பிரச்சினையாக நின்றன. விவசாயிகள் செலவழிக்க விரும்பவில்லை. 2006இல் நியூயோர்க் மாநிலம் செலவின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் அசைவு வந்தது. அதே நாட்டின் ஆய்வாளர்கள், சிறு பட்டறையில் வெட்டி, துளைத்து, பெரும்பாலும் போல்ட்களால் பொருத்தக்கூடிய மலிவான வடிவங்களைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலமும் 1990களின் இறுதியில் மானியம் கொடுத்தே இதைச் செய்தது. பழைய இயந்திரங்களில் சட்டகம் ஏற்ற இந்த மாநிலங்கள் தண்டனையை மட்டும் நம்பவில்லை.

யார் கொடுப்பது

இங்கேதான் வாகரையின் கணக்கு தொடங்குகிறது. இயந்திரம் ஒருவருடையது, வயல் இன்னொருவருடையது, ஓட்டுபவர் மூன்றாமவர். பெரும்போகத்துக்கு விதைப்புத் திகதி கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட பிறகு எல்லாருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். ஓட்டுநர் இரவிலும் ஓடுகிறார், யானை வரும் பாதையிலும் ஓடுகிறார். உரிமையாளருக்கு லீசிங் தவணை. லீசிங் கம்பனி இயந்திரத்துக்கு முழுக் காப்புறுதி கேட்கும். இயந்திரம் குடைசாய்ந்தால் அதன் விலை எப்படியும் யாரோ ஒருவரின் கணக்கில் வந்துசேரும். ஓட்டுநருக்கு நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வேலையின்போது இறந்தவரின் குடும்பம் நட்டஈடு கேட்கலாம். அதற்கு வேலைகொள்பவர் யார் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வேலைகொள்பவர் அநேகமாகச் செத்தவரின் மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். செத்தவீட்டில் பந்தல் போட்டு, செலவைப் பொறுப்பெடுத்தவரும் அவர்தான். எந்த விதவை அவருக்கு எதிராகக் கொழும்புக்கு மனுப் போடுவாள்?

போரினால் கணவனை இழந்து பெண்கள் நடத்தும் குடும்பங்கள் நிறைந்த ஒரு பிரதேசத்தில், வயலில் இன்னொரு விதவை உருவாவதைச் செய்தியின் கடைசி வரியாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம்.

அரசாங்கத்தால் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இனி வரும் நாற்சில்லு உழவு இயந்திரங்கள் சோதிக்கப்பட்ட சட்டகத்தோடும் பட்டியோடும் மட்டுமே பதிவாகலாம் என்று ஒரு வர்த்தமானி போதும். உற்பத்தி செய்யும் கம்பனிகள் ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது அதைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. உதவித் திட்டங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் வட மாகாணத்துக்கு இந்தியா 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது போல, நன்கொடையாகவும் மானியமாகவும் இயந்திரம் வருவது எங்கள் பகுதிகளில் புதிதல்ல. கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் அந்த இயந்திரங்கள் சட்டகத்தோடு வரும். படம் எடுக்கும் விழாவில் அது தெரியவும் தெரியும்.

கடினமானது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை. இதற்கு மஹா இலுப்பள்ளமவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் வயல்களில் அதிகம் உள்ள நாலைந்து வகைகளுக்கு வரைபடம் செய்து, ஒரு மாதிரியை உடைத்துச் சோதித்துத் தர வேண்டும். பிறகு வாழைச்சேனையிலும் செங்கலடியிலும் உள்ள பட்டறைகளால் அதைச் செய்ய முடியும். கை உள்ளவர்கள் அவர்கள். வெல்டிங் தெரிந்த ஒருவர் தன் கண்ணளவில் செய்துவிடக்கூடாது என்பதுதான் இங்கே கவனம். சோதிக்காத சட்டகம் ஓட்டுநருக்கு இல்லாத தைரியத்தைக் கொடுக்கும், பட்டியையும் கட்டவைக்கும். அது சட்டகமே இல்லாததைவிட மோசம்.

பணத்துக்கு ஒரு வழி மாகாணத்தின் கையில் இருக்கிறது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் மாகாண வருமானம், பிரதேச செயலகத்தில் வருடாவருடம் புதுப்பிப்பது. சட்டகம் பூட்டிய உழவு இயந்திரத்துக்குச் சில வருடங்களுக்கு அந்தக் கட்டணத்தைக் குறைக்கலாம். லீசிங்கில் எடுப்பவருக்குச் சட்டகத்தின் விலையைக் கடனிலேயே சேர்த்து, காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கக் கம்பனிகளைக் கேட்கலாம். விவசாயம் 13ஆவது திருத்தத்தின் கீழ் பெருமளவில் மாகாணத்துக்குரிய விடயம். ஆனால் கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. கட்டணத்தைக் குறைக்க நியதிச்சட்டம் கொண்டுவர அங்கே உறுப்பினர்கள் இல்லை, ஆளுநர்தான் இருக்கிறார். அதிகாரப் பகிர்வு என்பது எங்கள் அரசியல் கட்டுரைகளில் வரும் அளவுக்கு வயல் வரம்பில் வருவதில்லை. அது இல்லாததின் விலைகளில் இதுவும் ஒன்று.

எதிர்ப்புகளும் வரும், சில நியாயமானவை. கஜு மரங்களுக்குக் கீழே ஓடும்போது சட்டகம் கிளையில் இடிக்கும் என்பார்கள். மடிக்கக்கூடிய வகை இருக்கிறது. மடித்ததை மறுபடி நிமிர்த்தாமல் ஓடுவதுதான் அங்கே பிரச்சினை. லான்ட்மாஸ்டர் எனும் இருசில்லு இயந்திரத்துக்கு இது பொருந்தாது, அதன் ஆபத்துகள் வேறு. வீரம் என்று ஒன்றும் இருக்கிறது. பட்டி கட்டி ஓடுபவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போட்டவரைப் பார்த்தும் ஒரு காலத்தில் சிரித்தார்கள்.

இப்போதைக்கு, புதிதாக வாங்க வசதி உள்ளவரின் இயந்திரம்தான் முதலில் பாதுகாப்பானதாகும். ஐம்பது வருடத்துக்கு முன் வந்து, போரில் உடைந்து, பாகம் மாற்றி, இன்னும் ஓடும் பழைய மெசி பெர்குசன்கள் கட்டுமுறிவுப் பக்கமும் அதற்கு அப்பாலும் கடைசிவரை சட்டகம் இல்லாமல் ஓடும். மழைக்கு முன் உழவை முடிக்க வேண்டிய அவசரத்தோடு, கூடுதலாகச் சேற்றில் புதைவதும் அவைதான்.